அறுபத்து நாலு பேரு

அன்றைக்கு மீனம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருசத்தில் சாவு, பிரசவம் தவிர வேறெதற்கும் வேலைக்குப் போகாமல் நிற்காதவள், வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு லயத்து வீட்டு வாசலில் நின்று நிதானமாகத் தலை சீவினால், பார்க்கிறவர்கள் சும்மா போவார்களா? இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக் கட்டி, முதுகில் கூடையோடு மலைக்குக் கிளம்பிய பக்கத்துக் காம்பரா வேலாயி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாடி மீனம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்னா, கல்லாட்டம் இருக்கு. இன்னைக்கி எம் மகளுக்குப் பேரு போட வாறாங்க."

"இனிமேவா? அவளுக்குப் பேரு வச்சு பதினேழு வருசம் ஆச்சேடி!"

"அந்தப் பேரு இல்லடி. படிப்புப் பேரு. நுவரெலியாவுலருந்து மிஸ் ஒருத்தவங்க வாறாங்க. பேரு முழுசா இருந்தா அடுத்த வருசம் படிக்கலாம்."

"இல்லாட்டி?"

மீனம்மா சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி எறிந்தாள். "இல்லாட்டிதான் ஒனக்குத் தெரியுமே. திங்கக்கிழமை ஒங்க அக்கா மக கூட கட்டுநாயக்கா கார்மெண்டுக்கு பஸ் ஏறணும். அவுங்க அப்பா சொல்லிப்புட்டாரு."

ஒத்தமரத் தேயிலைத் தோட்டத்தில் 'பேரு' என்றால் ஒரு நாள் வேலை. நிறுக்கிற இடத்தில் தோட்டம் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து இருந்தால் முழுப் பேரு விழும். குறைந்தால் அரைப் பேரு. காலையிலிருந்து மழையில் நனைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, செங்குத்து மலையில் தொற்றிக்கொண்டு நின்றதெல்லாம் தராசுக்குத் தெரியவா போகிறது? மீனம்மாவுக்கு இதுவரை விழுந்த அரைப் பேருகளை யாராவது கூட்டிச் சொன்னால் அவளுக்கு மயக்கம்தான் வரும். அதனால்தான், பரீட்சை மட்டுமில்லாமல் செய்கிற வேலைக்கும் பள்ளிக்கூடத்தில் புள்ளி தருகிறார்கள் என்று மகள் சுலக்ஷனா சொன்னபோது, அது அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"அப்ப படிப்புக்கும் பேரு போடுறாங்கன்னு சொல்லு!"

"அப்படித்தாம்மா. கொஞ்சம் வகுப்புல, கொஞ்சம் வேலை செய்யிற எடத்துல. ரெண்டையும் கூட்டிப் பார்ப்பாங்க."

"இது நல்லா இருக்கே. இத நாங்க படிக்கிறப்ப வச்சிருந்தா நானெல்லாம் எங்கயோ போயிருப்பேன்."

சுலக்ஷனா சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டவள். மற்ற பாடங்களும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெறுபேறு வந்த அன்றைக்கே அப்பா தங்கவேலு, "சரி, படிச்சது போதும்" என்று முடித்துவிட்டார். அவர் கெட்ட மனுசன் கிடையாது. மலையில் கான் வாய்க்கால் வெட்டி முதுகு வளைந்த ஆள். தன் மகளாவது மலையில் நிற்காமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தைக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் பள்ளிக்கூடத்துத் தொழிற் பிரிவில் இடம் கிடைத்து, தோட்டத்து நாற்றுமேடையிலேயே பயிற்சி என்றதும், மகள் காலையில் எழுந்து பாடிக்கொண்டு போனாள். கணிதப் புத்தகத்தைத் திறந்தாலே தலைவலிக்கிற பிள்ளை, ஒரு கிளையில் எத்தனை பதியன் வெட்டலாம் என்று கண்ணாலேயே சொல்கிறாள். இதைப் பார்த்த தங்கவேலு, "அந்த மிஸ் வந்து பார்த்துப் பாஸ்னு சொன்னா படிக்கட்டும், சொல்லாட்டி திங்கக்கிழமை கெளம்பட்டும்" என்ற மட்டுக்கும் இறங்கி வந்திருந்தார்.

அறுபது நாள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். சுலக்ஷனா போனது அறுபத்து நாலு நாள். அதற்கொரு பதிவுப் புத்தகம் உண்டு. பயிற்சிப் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது, வேலை வாங்குகிறவர்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி, சேலை முந்தானையில் சுற்றி, மழைபடாமல் நாற்றுமேடைக் கங்காணி அழகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் மீனம்மாதான். கொடுக்கும்போது அவள் சொன்ன வார்த்தையும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, வேற ஒண்ணும் வேணாம். தெனமும் மறக்காம புள்ளைக்குப் பேரு போட்டுருங்க."

"பேரு போடுறது எனக்குச் சொல்லித் தரணுமா மீனம்மா? முப்பது வருசமா அதத்தான போடுறேன்."

அழகன் கங்காணி சொன்னால் சொன்னதுதான். புத்தகத்துக்கு முருகன் படம் போட்ட பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, அதன் மேல் பொலித்தீன் பை போட்டு, வீட்டில் சாமித்தட்டில் வைத்திருந்தார். சுலக்ஷனா ஒருநாள் எட்டிப் பார்க்க நினைத்ததற்கே, "தொடப்படாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?" என்று அதட்டி விரட்டிவிட்டார்.

பத்து மணிக்கு முச்சக்கர வண்டி ஒன்று பெரட்டுக் களத்துக்கு வந்து நின்றது. ஆடி மாதத்துத் தூறல் காற்றோடு சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. குடையை விரிக்கப் பார்த்து, அது மேலே திரும்பிக்கொள்ள, சிரித்துக்கொண்டே இறங்கினார் ஜெயந்தினி மிஸ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நுவரெலியா பஸாரில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை இருக்கிறதாம். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போன கடையாகக்கூட இருக்கலாம் என்று மீனம்மா நினைத்துக்கொண்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. அவித்த மரவள்ளிக் கிழங்கு, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நீட்டினாள்.

"ஐயோ அம்மா, மொதல்ல வேலையப் பார்ப்போம்" என்றார் மிஸ். "ரெண்டு மணி பஸ்ஸுக்கு நான் போயாகணும். இன்னைக்கே லிஸ்ட் குடுக்கணும். இன்னைக்கி விட்டா அடுத்த வருசத்து லிஸ்ட்தான்."

அழகன் கங்காணி சலவைச் சட்டையோடு வந்து, பொலித்தீனை அவிழ்த்து, புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். மிஸ் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். அவர் முகம் மாறியது சுலக்ஷனாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இது யாரோட புத்தகம்?"

"நம்ம சுலச்சனாவோடது மிஸ்."

"எங்க இருக்கு அவங்க பேரு?"

"இந்தா, வரிசையா இருக்கே." கங்காணி விரலை வைத்துக் காட்டினார்.

திகதி, பெயர், செய்த வேலை, கையொப்பம் என்று நாலு கட்டம். திகதி ஒன்றுகூடத் தப்பவில்லை. செய்த வேலையில் 'மண் சலிப்பு', 'பை நிரப்பு', 'பதியன் நடுகை' என்று பிசிறில்லாத எழுத்து. கையொப்பம் அச்சடித்த மாதிரி. பெயர் என்ற கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரைக்கும் 1, 1, ½, 1, ½, 1 என்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இது என்னா ஒண்ணு, அரை?"

"பேரு மிஸ். முழு நாளு வந்தா ஒரு பேரு. வகுப்புக்குப் போயிட்டு மத்தியானத்துக்கு மேல வந்தா அரைப் பேரு. ஒரு நாள்கூடக் கூட்டிப் போடல, கொறைச்சுப் போடல."

மிஸ்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐயா, பேருன்னா பேருங்க. சுலக்ஷனாங்கிற பேரு. இந்தப் புத்தகம் பூரா ஆளே இல்லையே! மேலட்டையிலயும் இல்ல, உள்ளயும் இல்ல. நான் எப்படி இதுக்குப் புள்ளி போடுறது?"

மீனம்மாவுக்கு விளங்கிவிட்டது. தான் சொன்ன ஒரு வார்த்தை. பெயர் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம், ஆள் பெயரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, பேரு போடுங்க என்று சொல்லித் தொலைத்தாள். மூன்றரை மாதம் மகள் மண்ணைச் சலித்தது ஒரு பக்கம் நிற்க, திங்கட்கிழமை பஸ் அவள் கண் முன்னால் வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

"மிஸ், தப்பு என் மேலதான். நாந்தான் அண்ணன்கிட்ட பேரு போடச் சொன்னேன். எங்க தோட்டத்துல பேருன்னா அதுதான் மிஸ். நாங்க மலைக்குப் போயி வந்தா எங்களுக்கும் அதான் போடுவாங்க. எம் புள்ள அறுபத்தி நாலு நாளும் வந்தா. அந்த முருகன் சத்தியமா வந்தா."

மிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது.

"கொஞ்சம் இருங்க. எங்க கடைக்கு வர்ற அம்மாமாருங்க, 'இந்த மாசம் பேரு கொறஞ்சு போச்சு, சின்னச் சேலையாக் காட்டுங்க'ன்னு சொல்வாங்க. நான் சின்னப் புள்ளையில, ஐயோ பாவம், இவங்களுக்கு ஊர்ல பேரு கெட்டுப் போயிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்!"

களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மீனம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆனால் மிஸ் உடனே தலையை ஆட்டினார். "நீங்க சொல்றத நான் நம்புறேன். நான் நம்பினா போதாது. இந்த ஒண்ணும் அரையும் இந்தப் புள்ளையோடதுதான்னு எதையாவது காட்டணும். சும்மா வாயால சொன்னா மேல கேப்பாங்க."

அப்போதுதான் சுலக்ஷனா வாயைத் திறந்தாள். அழகன் கங்காணியைப் பார்த்துக் கத்தினாள்: "மாமா, தகரம்! நாத்துமேடையில தகரம் இருக்கே!"

"அட ஆமா!" கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "மிஸ், ஒரு எட்டு மேல வாங்க. பதியன் பட்டுப் போனா யாரு கை வச்சதுன்னு தெரியணும்ல? அதுக்காகப் பாத்திக்குப் பாத்தி குச்சி நட்டு, தகரத்துல ஆணியால கீறி வச்சிருக்கேன். நாளு, பை எண்ணிக்கை, ஆளு பேரு. நெசப் பேரு!"

நாற்றுமேடைக்கு ஏறுகிற குறுக்குப் பாதை மழையில் வழுக்கும் என்று சொன்னால் போதாது. மிஸ் டவுன் செருப்போடு இரண்டு அடி ஏறி ஒரு அடி இறங்கினார். மீனம்மா பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, சுலக்ஷனா முன்னாலிருந்து இழுக்க, கங்காணி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, பாதி வழியில் மிஸ் காலைப் பார்த்து "ஐயோ அம்மா!" என்று அலறினார்.

"அட்டைதான் மிஸ், பயப்படாதீங்க. இழுத்துப் பிக்காதீங்க." மீனம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்துத் தடவ, அட்டை சுருண்டு விழுந்தது. "புது ரத்தம்ல, அதான் ஓடியாந்துருச்சு."

"நேரம் என்னா?" என்று மட்டும் கேட்டார் மிஸ். பதினொன்றே கால்.

மேடையில் பாத்திகள் பச்சையும் கறுப்புமாக வரிசையாகக் கிடந்தன. கறுப்புப் பைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொன்றிலும் ஒற்றை இலை. பாத்தித் தலைப்பில் மூங்கில் குச்சியும், குச்சியில் தகரத் துண்டும். மிஸ் குனிந்து, மழைநீரை விரலால் வழித்துவிட்டுப் படித்தார்.

"மே பதினாலு. முந்நூறு. சுலச்சனா." புத்தகத்தைப் புரட்டினார். "மே பதினாலு, ஒண்ணு. சரி, மே பதினஞ்சு எங்க?"

சுலக்ஷனா ஓடிப் போய் அடுத்த குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க மிஸ்! நூத்தம்பது!"

"புத்தகத்துல அரை!" மிஸ்ஸின் குரல் ஏறிவிட்டது. "இருங்க, இருங்க. ஜூன் நாலு?"

"முந்நூத்திப் பத்து!"

"ஒண்ணு! ஜூன் பத்தொன்பது?"

"நூத்தி நாப்பது மிஸ். அன்னைக்கி வகுப்பு லேட்டா விட்டாங்க."

"அரை!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. மிஸ் நாளைக் கூவ, சுலக்ஷனா பாத்திக்குப் பாத்தி ஓட, ஒன்று விழுந்தால் முந்நூறும் அரை விழுந்தால் பாதியுமாகத் தகரமும் புத்தகமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் சாட்சி சொல்லின. கங்காணி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். முப்பது வருசத்தில் அவர் போட்ட பேரை யாரும் இப்படி ரசித்துப் பார்த்ததில்லை.

"இப்ப நீ ஒண்ணு செஞ்சு காட்டு" என்றார் மிஸ்.

சுலக்ஷனா தாய்ச்செடிக் கிளையை எடுத்தாள். இலைக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு, கீழே ஒரு அங்குலம் விட்டு ஒரு வெட்டு, தண்ணீர் வாளியில் ஒரு முக்கு, பையில் ஊன்றி இரண்டு விரலால் மண்ணை அழுத்தினாள்.

"ஏன் எலைய இப்படித் தூக்கி வச்ச?"

"எல மண்ணுல பட்டா அழுகிரும் மிஸ். எல்லா எலையும் ஒரே பக்கம் பார்த்தா ஒண்ணோட நெழலு ஒண்ணு மேல விழாது. கணுவுல இருக்கிற கண்ணு மேல பாக்கணும். அதுலருந்துதான் செடி."

"எத்தனை பொழைக்கும்?"

"நூத்துக்கு எண்பத்தஞ்சு மிஸ். நான் எண்ணிப் பார்த்தேன்."

"கணக்குல பெயில்னு சொன்னாங்க?"

சுலக்ஷனா தலையைக் குனிந்து சிரித்தாள். மீனம்மாவுக்கு மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் போல இருந்தது. தன் மகள் ஒரு படித்த பெண்ணுக்கு விளக்கம் சொல்கிறாள், அந்தப் பெண் அதை எழுதிக்கொள்கிறாள். இப்படி ஒரு நாளைப் பார்க்க அவள் எத்தனை பேரு வேண்டுமானாலும் விடத் தயாராக இருந்தாள்.

நாற்றுமேடைக் குடிசைக்குள் போய் உட்கார்ந்ததும் மிஸ் சொன்னார்: "சரி ஐயா. இப்ப ஒரு வேலை. ஒவ்வொரு வரியிலயும் அவங்க பேர நீங்களே எழுதணும். உங்க கையெழுத்துலதான் இருக்கணும். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்னு கீழ எழுதிடுறேன். அறுபத்தி நாலு தடவை. சீக்கிரம்."

கங்காணி பேனாவை வாங்கினார். எழுதவில்லை. மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். காதுமடல் சிவந்துவிட்டது.

"என்னாண்ணே?" என்றாள் மீனம்மா.

"ஒண்ணுமில்ல." பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நடு எழுத்து எனக்கு வராது மீனம்மா. நான் படிச்சது அஞ்சாவது. சுலச்சனான்னா எழுதிருவேன். நீ வந்து பேரு போடுங்கன்னு சொன்னப்ப, அப்பாடா, ஒண்ணு போட்டா போதும் போலன்னு சந்தோசமாப் போயிட்டேன்."

"சுலச்சனான்னு எழுதினா ஆகாதுங்க" என்றார் மிஸ் தயக்கத்தோடு. "பதிவுல இருக்கிற மாதிரி இருக்கணும்."

சுலக்ஷனா கொழுந்து நிறுத்த ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டினாள். "இந்தா மாமா. மொதல்ல 'க' எழுதுங்க. கீழ கோட்ட நிறுத்தாம அப்படியே வளைச்சு மேல கொண்டாந்து ஒரு சுழி. பதியன் வெட்டுற மாதிரித்தான், கை சாஞ்சு போகணும்."

கங்காணி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். முதல் 'க்ஷ' கவிழ்ந்து கிடந்தது. இரண்டாவது நொண்டியது. மூன்றாவதைப் பார்த்துச் சுலக்ஷனா, "வந்துருச்சு மாமா!" என்று கைதட்ட, அவர் புத்தகத்துக்குள் இறங்கிவிட்டார். சுலக்ஷனா 1. சுலக்ஷனா 1. சுலக்ஷனா ½. மீனம்மா கையோடு கொண்டுவந்த கிழங்கைச் சம்பலோடு மிஸ் சாப்பிட்டு முடித்தார். மீனம்மா அடுப்பில் தண்ணீர் வைத்து இரண்டாம் தடவை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பன்னிரண்டரைக்குக் கங்காணி பாதி தாண்டியிருந்தார்.

மீனம்மா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேரைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க அவளால் முடியாது, அது இருபத்திரண்டு வருசத்துப் பழக்கம். ஒன்று, ஒன்று, அரை. மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். முழுப் பேரு நாற்பத்தாறு. அரைப் பேரு பதினெட்டு. பதினெட்டு அரை ஒன்பது. மொத்தம் ஐம்பத்தைந்து.

வேண்டியது அறுபது.

மறுபடி கூட்டினாள். ஐம்பத்தைந்துதான். நாள் அறுபத்து நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தாளே தவிர, பேரு எத்தனை என்று அவள் யோசிக்கவே இல்லை. மிஸ் குடிசை வாசலில் நின்று தொலைபேசியில் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மீனம்மா குனிந்து கங்காணியின் காதில் சொன்னாள்.

கங்காணியும் கூட்டிப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது. முப்பது வருசத்தில் யாருக்கும் அரைக் கிலோவைக்கூட விட்டுக்கொடுக்காத மனுசன், வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஒரு பத்து அரையில கீழ இருக்கிற ரெண்டையும் கோட்டையும் அடிச்சுட்டா ஒண்ணாகிரும் மீனம்மா."

அவருக்கு இப்படிச் சொல்ல வரும் என்று மீனம்மா கனவில்கூட நினைத்ததில்லை. 'அடிங்கண்ணே' என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"வேணாம் மாமா" என்றாள் சுலக்ஷனா. அவள் கண் கலங்கியிருந்தது. "தகரத்துல நூத்தம்பதுன்னு இருக்கு. மிஸ் அதப் பார்த்துட்டாங்க. ஒண்ணுன்னு மாத்தினா எல்லாமே பொய்யின்னு ஆயிரும்."

கங்காணி மூச்சை இழுத்து விட்டார். அறுபத்து நாலாவது வரியில் சுலக்ஷனா என்று எழுதினார். மிக அழகாக வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற ½ மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மிஸ் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து அச்சடித்த படிவத்தை எடுத்தார். மீனம்மாவால் பொறுக்க முடியவில்லை. எப்படியும் தெரியத்தான் போகிறது, தன் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மிஸ், கூட்டிப் பார்த்தேன். அம்பத்தஞ்சு பேருதான் வருது. அஞ்சு கொறையுது."

மிஸ் நிமிர்ந்தார். "எங்க கொறையுது?"

"அரைப் பேரு பதினெட்டு இருக்கே மிஸ். ரெண்டு அரை சேந்தாதான ஒண்ணு?"

மிஸ் புத்தகத்தையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். அவள் எதற்கு அரையை அரையாகவே கூட்டுகிறாள் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, எங்க படிவத்துல அரைன்னு ஒண்ணு இல்ல. காலையில வகுப்புல இருந்தாங்க, மத்தியானம் இங்க வந்தாங்க. பாதி நாளு அவங்க சும்மாவா இருந்தாங்க? வந்த நாள் வந்த நாள்தான். அறுபத்தி நாலு கையெழுத்து இருக்கு, அறுபத்தி நாலு நாள்."

"அப்ப அந்த அரைப் பேரெல்லாம்?"

"முழுப் பேருதாம்மா."

மீனம்மாவுக்கு அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. மகளைப் பார்த்தாள். கங்காணியைப் பார்த்தாள். கங்காணி கையிலிருந்த பேனாவையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நாள் மலையிலும் அரை நாள் தராசு வரிசையிலும் நின்ற பெண்களுக்கெல்லாம் அவர் போட்ட அரைகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மிஸ் படிவத்தில் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதிக் குத்தினார். 'தேர்ச்சி' என்ற சொல்லைச் சுலக்ஷனா சத்தமாக வாசித்தாள், வாசித்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மீனம்மா என்ன செய்தாள் என்பதை அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மிஸ்ஸை வழியனுப்பக்கூட நிற்காமல், நல்ல சேலையோடு, குடையில்லாமல், நாற்றுமேடை விளிம்புக்கு ஓடினாள். கீழே மலை மூடுபனியில் கிடந்தது. கொழுந்தெடுக்கிறவர்களின் தலைகள் மட்டும் ஆங்காங்கே தெரிந்தன. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏய் வேலாயீ! எம் மகளுக்குப் பேரு விழுந்துருச்சுடீ!"

வேலாயியின் பதில் வருவதற்கு முன்னால், கீழே கானுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போன தங்கவேலுவின் குரல்.

"முழுசா, அரையா?"

"முழுசுங்க! அறுபத்தி நாலும் முழுசு! அங்க அரைப் பேருன்னு ஒண்ணே இல்லையாம்!"

மூடுபனிக்குள் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அந்தக் கடைசி வார்த்தையை ஒவ்வொருத்தியும் நின்று கேட்டிருக்க வேண்டும். பிறகு வேலாயிதான் முதலில் குலவை போட்டாள்.